பத்தமடைப் பாயும் ஆங்கில மேற்கோள் குறியும்

கேள்வி: பத்தமடையில் பாய் விற்கிறோம். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுக்க ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் அடிக்கப்போகிறோம். ஹேண்ட்மேட், நேச்சுரல், சில்க் மேட் ஆகிய மூன்றையும் மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறோம். சரிதானா?

பதில்: முதல் இரண்டுக்கும் குறியை எடுத்துவிடுங்கள். மூன்றாவதற்கு இருக்கட்டும்.

தமிழ்ப் பத்திரிகைகளில் ஆங்கிலச் சொல்லையும், எடுப்பாகத் தெரிய வேண்டிய சொல்லையும் குறிக்குள் போடும் வழக்கம் உண்டு. அதைப் பார்த்தே வளர்ந்ததால் ஆங்கிலம் எழுதும்போதும் கை தானாக அங்கே போகிறது. ஆங்கிலம் படிப்பவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார். 'பேர்தான் அப்படி, எனக்குப் பொறுப்பில்லை' என்று எழுதியவர் ஒதுங்குவதாகத் தோன்றும். கோரையைக் காயவைத்து, தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிசாகக் கிழித்து நெய்த பாய் அது. அதற்கு ஹேண்ட்மேட் என்பதைக் குறிக்குள் அடைத்தால், கைவேலைதானா என்ற சந்தேகத்தை நீங்களே கிளப்பிவிட்டதாக ஆகும். அவ்வளவு உழைப்புக்கு அது அநியாயம். எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் எழுத்தைத் தடிமனாகப் போடச் சொல்லுங்கள்.

சில்க் மேட் விஷயம் வேறு. பட்டுப்பாய் பட்டில் நெய்தது அல்ல. கோரையில் நெய்தது, பாவுக்குத்தான் நூல். துணி மாதிரி மடிக்கலாம் என்கிற அளவுக்கு நயமாக இருப்பதால் நம் ஊரில் அந்தப் பெயர். குறி இல்லாமல் எழுதினால் வாங்குகிறவர் நிஜப் பட்டு என்றே நம்பிவிடுவார், அப்புறம் வம்பு. முதல் தடவை குறிக்குள் போட்டு, அடுத்த வரியிலேயே கோரைப்புல்லில் நெய்தது என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் இடங்களில் குறி தேவையில்லை.

வாடிக்கையாளர் எழுதிய பாராட்டைப் போடுவதானால், அவர் வார்த்தை ஒன்றுகூட மாறாமல் இருந்தால் மட்டுமே குறி. நீங்கள் சுருக்கிச் சொன்னால் குறி கூடாது.

ஒற்றையா இரட்டையா என்றால், அமெரிக்காவில் வெளியே இரட்டை, மேற்கோளுக்குள் வரும் மேற்கோளுக்கு ஒற்றை. பிரிட்டிஷ் புத்தகங்களில் பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். முற்றுப்புள்ளியையும் காற்புள்ளியையும் அமெரிக்கர்கள் மூடும் குறிக்கு உள்ளேயே வைப்பார்கள். பிரிட்டிஷ் வழக்கில், மேற்கோளைச் சேர்ந்த புள்ளியாக இருந்தால்தான் உள்ளே. உங்களிடம் வாங்குபவர்கள் எந்த நாட்டார் அதிகம் என்று பார்த்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே நோட்டீசில் இரண்டையும் கலக்கவே கூடாது.

பத்தமடை என்ற ஊர்ப்பெயருக்கும் குறி போட வேண்டாம். முதல் எழுத்து கேப்பிட்டலில் இருந்தால் போதும்.