சேர்ந்து வாழ்ந்து பிரிந்தபின் சொத்தில் எனக்கு என்ன வரும்?

கல்யாணம் செய்துகொள்ளாமல் ஐந்து வருடம் சேர்ந்து இருந்தோம், இப்போது பிரிந்துவிட்டோம், சத்துவாச்சாரி வீடு அவர் பெயரில், காட்பாடி பக்கத்து மனை இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, எனக்கு என்ன வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை தங்கச்சி. இதே வேலூரில் இதே கஷ்டத்தைப் பட்டு வந்தவள், அதனால்தான் எழுதுகிறேன்.

மனையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கிரயப் பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்கிறது, அதனால் கல்யாணம் ஆனதா இல்லையா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. யார் எவ்வளவு போட்டார்கள் என்று காட்டினால் அந்தக் கணக்குப்படி பங்கு, காட்ட முடியாவிட்டால் சரிபாதி. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 45ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பேசி முடிந்தால் ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுத்து மற்றவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம், முடியாவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு. ஆனால் மனைக் கடனில் நீங்களும் கையெழுத்து போட்டிருந்தால், நீங்கள் பிரிந்ததெல்லாம் வங்கிக்குக் கணக்கில்லை, தவணை நின்றால் உங்களையும் கேட்பார்கள்.

வீடுதான் சிக்கல். என் கதையில், என்னோடு சேர்ந்து வாழ்ந்தவர் இடம் வாங்க நான் 9 சவரன் நகையை விற்றுப் பணம் கொடுத்தேன், பத்திரம் அவர் பெயரில். "நமக்குத்தானே, யார் பேர்ல இருந்தா என்ன" என்றார், நானும் சரி என்றேன். பிரிந்ததும் பாதி இடம் என்னுடையது என்று வழக்கு போடப் போனேன். வக்கீலம்மா நிறுத்தினார். "ஏம்மா, நான் பணம் போட்டேன், அவர் பேர்ல சும்மா வெச்சோம்னு நீயே சொன்னா பினாமி சட்டம் வந்து நிக்கும்" என்றார். 1988ஆம் வருடத்துச் சட்டம் அது, ஒருவர் பணம் போட்டு இன்னொருவர் பெயரில் வாங்கிய சொத்தை, பணம் போட்டவர் தன்னுடையது என்று வழக்கு போட்டுக் கேட்க விடாது. மனைவி, கணவர், பிள்ளை பெயரில் கணக்குக் காட்டக்கூடிய சொந்தப் பணத்தில் வாங்கினால் விலக்கு உண்டு, சேர்ந்து வாழ்ந்தவருக்கு அது கிடையாது. எத்தனை வருடம் ஒரே அடுப்பில் சமைத்தோம் என்பதெல்லாம் அங்கே செல்லாது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

கடைசியில் நான் இடத்தைக் கேட்கவில்லை, பணத்தைக் கேட்டேன். கொடுக்கும்போதே கைமாற்று என்றுதான் பேச்சு, "அடுத்த வருஷம் திருப்பித் தந்துடறேன்" என்று அவர் அனுப்பிய மெசேஜ் ஒன்று இருந்தது, வங்கி வழியாக அனுப்பிய கணக்கும் இருந்தது. கோபத்தில் மற்ற மெசேஜ்களை எல்லாம் அழித்திருந்தேன், நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். கைமாற்றைக் கேட்டு வழக்கு போட பொதுவாகப் பணம் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு, வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதால் அது நீளாது. எனக்கு நான்கு மாதம் மிச்சமிருந்தது. சமரசத்தில் வட்டி இல்லாமல் அசல் வந்தது, அதற்குள் தங்கம் விலை எங்கேயோ போயிருந்தது.

இன்னொன்று, நீங்கள் இன்னும் அந்த வீட்டிலேயே இருந்தால் அவசரப்பட்டு வெளியேறாதீர்கள். 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் திருமணம் போன்ற உறவையும் ஏற்கிறது. கொடுமை நடந்திருந்தால் அவர் பெயரில் உள்ள வீட்டிலும் குடியிருக்கும் உரிமையையும், செலவுக்குப் பணத்தையும் மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். குடியிருக்கத்தான், சொந்தமாகாது. எல்லா உறவும் இதில் அடங்காது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் வேலுசாமி வழக்கில் சொன்னது, கோயம்புத்தூரிலிருந்து போன வழக்கு அது. ஊரறியக் கணவன் மனைவியாக ஓரளவு நீண்ட காலம் இருந்திருக்க வேண்டும், இருவருமே கல்யாணம் செய்யத் தகுதி உள்ளவர்களாகவும் இருக்க வேண்டும். அவருக்கு ஏற்கெனவே மனைவி இருந்தால் கஷ்டம்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100க்கும் கூப்பிடலாம். போகும்போது மனைப் பத்திரம், வில்லங்கச் சான்று, பாஸ்புக், போனில் உள்ள மெசேஜ் எல்லாம் கையில் இருக்கட்டும். வீட்டுக்கு நீங்கள் பணம் கொடுத்த தேதியை இன்றைக்கு ராத்திரியே பாஸ்புக்கில் தேடிப் பாருங்கள்.