சுகததாசவில் முதல் சந்திப்பு: எப்போது, எங்கே?

ஒரு வருடமாக இணையத்தில் மட்டும் பழகிய நாலு பேரை கொழும்பு சுகததாச நீச்சல் தடாகத்தில் காலைப் போட்டியின்போது சந்திக்கவேண்டும், ஆனால் உங்கள் 100 மீட்டர் பிரீஸ்டைலும் கெடக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வார்ம்-அப்பில் சந்திக்கும் எண்ணத்தை விடுங்கள். தொப்பியும் நீச்சல் கண்ணாடியும் போட்டால் கூடப்பிறந்த அண்ணனையே மட்டுக்கட்ட முடியாது. சுவரோரம் நின்று கதைத்தால், திரும்ப வருபவர் உங்கள்மேல் மோதுவார்.

ஹீற் (ஒரே தடவையில் சேர்ந்து நீந்தும் குழு) பட்டியல் வந்தவுடன் ஒவ்வொருவரின் நிகழ்ச்சி எண், ஹீற், லேன் (நீந்தும் பாதை) மூன்றையும் வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். லேன் தெரிந்தால் பார்வையாளர் படிக்கட்டிலிருந்தே ஆளைக் கண்டுபிடித்துக் கைதட்டலாம், அதுவே நல்ல அறிமுகம். சந்திப்புக்கு மணி குறிக்காதீர்கள், போட்டிகள் பிந்தும். 'நம்மில் கடைசி ஆளின் நீச்சல் முடிந்து அரை மணித்தியாலம்' என்று பேசிவையுங்கள். அவர் 200, 300 மீட்டர் மெதுவாக நீந்தித் தசையைத் தளர்த்தி, உடுப்பும் மாற்றவேண்டுமே.

இடம் பிரதான வாசலுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே விசிலும் ஒலிபெருக்கியுமாக போன் அடிப்பது கேட்காது. துவாயின் நிறத்தையும் சொல்லிவையுங்கள்.

உங்கள் நிகழ்ச்சிக்கு 20 நிமிடம் முன்பே அழைப்பிடத்துக்கு (நீந்தப்போகிறவர்களைப் பெயர் கூப்பிட்டுச் சேர்க்கும் இடம்) போய்விடுங்கள். கதையில் மறந்தால் உங்கள் லேனை வெறுமையாக விட்டுவிட்டு ஹீற் நடக்கும்.

18 வயதுக்குக் குறைவென்றால் பெற்றோரோ பயிற்றுநரோ கூடவே நிற்கவேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சோற்றுப் பார்சலைச் சந்திப்புக்கு வைத்திருங்கள். நீச்சலுக்கு முன் ஒரு வாழைப்பழம் போதும்.