பட்டாவில் 0-48.50, தரகர் சொல்வது 1 ஏக்கர் 20 சென்ட்: எது சரி?

இரண்டும் சரி. குடியாத்தம் பக்கத்தில் உங்கள் அப்பா விட்டுச்சென்ற நிலம் எவ்வளவு பெரியது, அதை மனக்கண்ணில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டாவில் கோட்டுக்கு முன்னால் இருப்பது ஹெக்டேர், பின்னால் இருப்பது ஏர். சென்ட் அல்ல. 48.50ஐ சென்ட் என்று படித்துவிட்டு, மீதி நிலத்தை எவன் தின்றான் என்று பங்காளியிடம் சண்டைக்குப் போனவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர். சென்ட் கணக்கில் 2.47. பெருக்கினால் 119.8 வருகிறது. தரகர் அதைத்தான் 1 ஏக்கர் 20 சென்ட் என்கிறார்.

கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் ஒரு மாந்தோப்புக்குள் போங்கள். நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. மரத்துக்கு மரம் 10 மீட்டர் விட்டு நட்ட பழைய தோப்பாகப் பாருங்கள். இப்போது வருகிற அடர்நடவுத் தோப்பு இதற்கு உதவாது. நான்கு மரங்களுக்கு நடுவில் நின்றால், அந்த நான்கையும் மூலையாகக் கொண்ட சதுரம்தான் 1 ஏர். அதற்குள் இரண்டரை சென்ட் அடங்கிவிடும். மரத்துக்கு ஓர் ஏர் என்று எண்ணிக்கொண்டே நடங்கள். நாற்பது மரம் தாண்டினால் ஏறக்குறைய ஓர் ஏக்கர், நூறு மரம் என்றால் ஒரு ஹெக்டேர். உங்களுடையது நாற்பத்தெட்டு மரத்துத் தோப்பு.

சென்ட் என்பது 435.6 சதுர அடி, கிட்டத்தட்ட 21 அடிக்கு 21 அடி. வீட்டுமனை விற்பவர்கள் சொல்லும் 30க்கு 40 மனை இரண்டே முக்கால் சென்ட். கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி, ஐந்தரை சென்ட். அது சென்னைக்காரர்கள் பேச்சு. ஊர்ப் பெரியவர்கள் இன்னும் காணி என்பார்கள். 24 கிரவுண்ட் சேர்ந்தது ஒரு காணி, 1.32 ஏக்கர். ஆக, உங்கள் நிலம் காணிக்குக் கொஞ்சம் குறைவு.

பரப்பு தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வடிவம் தெரியாத ஏக்கர் பாதி ஏக்கர்தான். வெள்ளைக்காரன் காலத்துச் சர்வே சங்கிலியின் நீளம் 66 அடி. கிரிக்கெட் பிட்சில் ஸ்டம்புக்கு ஸ்டம்பு உள்ள தூரமும் அதே 22 கெஜம்தான். ஒரு சங்கிலி அகலம், பத்துச் சங்கிலி நீளம், இதுவே ஓர் ஏக்கர். அதே ஏக்கர் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 209 அடி வரும். சதுரத்தைச் சுற்றி வேலி போட 835 அடி கம்பி போதும். நீளவாட்டு நிலத்துக்கு 1,452 அடி வேண்டும். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது ஆளுக்கொரு ரோட்டு முகப்பு வேண்டும் என்று நீளவாக்கில் கிழித்துவிடுவார்கள். இரண்டு தலைமுறை இப்படிப் போனால் டிராக்டர் திரும்பக்கூட இடம் இருக்காது. பட்டாவில் மட்டும் எண் அழகாக இருக்கும்.

எனவே பட்டாவோடு நிறுத்தாமல் புலப்படத்தையும், அதாவது நிலத்தின் எல்லைகளைக் காட்டும் சர்வே வரைபடத்தையும், எடுத்துக்கொள்ளுங்கள். அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு பக்கத்தின் நீளமும், பெரும்பாலும் மீட்டரில், எழுதியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பைச் சுற்றி ஒருமுறை நடங்கள். உங்கள் காலடி இரண்டரை அடி என்றால் 40 மீட்டருக்கு 52, 53 காலடி வைக்க வேண்டியிருக்கும். ஐந்தாறு காலடி வித்தியாசம் வந்தால் அது நடையின் கோளாறு. இருபது முப்பது குறைந்தால் பேரத்தை நிறுத்திவிட்டு, சர்வேயரை வைத்து எல்லைக் கல் பார்க்கச் சொல்லுங்கள்.