வாங்குமுன் கேளுங்கள்: டீசலில் கலக்கும் அடிட்டிவ்

கேள்வி: என்னிடம் 14 அடி லாரிகள் ஆறு ஓடுகின்றன. 250 மில்லி அடிட்டிவ் புட்டி 28 வெள்ளி. ஒரு புட்டி 80 லிட்டர் டீசலுக்குப் போதுமாம். '15 விழுக்காடு வரை மிச்சம்' என்கிறார் விற்க வந்தவர். பத்துப் பெட்டி எடுத்தால் விலைக்கழிவு உண்டாம். எடுக்கலாமா? – சுங்கை காடுட், சிங்கப்பூர்

பதில்: எடுக்காதீர்கள். ஒரு காகிதமும் பேனாவும் போதும். 28 வெள்ளியை 80 லிட்டருக்குப் பிரித்தால் லிட்டருக்கு 35 காசு. கழிவு போக நீங்கள் டீசலுக்கு லிட்டருக்கு 2 வெள்ளி கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் சொல்லும் 15 விழுக்காடு முழுதாகவே கிடைத்தாலும், 100 லிட்டர் குடித்த இடத்தில் லாரி 85 லிட்டர் குடிக்கும். 85 லிட்டரை 2 வெள்ளி 35 காசால் பெருக்குங்கள்: 199 வெள்ளி 75 காசு. அடிட்டிவ் இல்லாமல் 200 வெள்ளி. அவருடைய சொந்தக் கணக்குப்படியே உங்களுக்கு மிஞ்சுவது 25 காசு. அதற்குக் கீழே எது கிடைத்தாலும் நட்டம்.

அந்த 15 கிடைக்குமா என்றால், கிடைக்காது. ஒழுங்காகப் பராமரித்த டீசல் இஞ்சின் தனக்குள் போகும் டீசலில் 98 விழுக்காட்டுக்கு மேல் எரித்துவிடுகிறது. நாம் இழக்கும் பெரும்பங்கு ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகப் போவது. அதை எந்தப் புட்டியாலும் பிடித்துத் திருப்ப முடியாது. எரியாமல் மிஞ்சுவதே இரண்டு விழுக்காட்டுக்குள் என்னும்போது 15 எங்கிருந்து வரும்? இன்ஜெக்டரில் கசடு படிந்து டீசல் சரியாகத் தூவாத லாரியில், நல்ல டிடர்ஜென்ட் போட்டால் கொஞ்சம் முன்னேற்றம் தெரியும். ஆனால் அது இழந்ததை மீட்பது. ஒரு தடவை மீட்ட பிறகு, மேலும் மேலும் ஊற்றுவதால் ஏறிக்கொண்டே போகாது.

இந்த வியாபாரத்தில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத புட்டிகள். 'ரகசியக் கலவை', 'நானோ', 'மூலக்கூறைப் பிரிக்கும்' என்று அட்டை முழுக்க எழுத்து இருக்கும். எந்தக் கோளாறுக்கு எந்தப் பொருள் என்று ஒரு வரி இருக்காது. டிடர்ஜென்ட், சீட்டேன் (டீசல் பற்றும் தன்மை) கூட்டும் 2-எத்தில்ஹெக்சைல் நைட்ரேட், பம்புக்கு வழவழப்பு தரும் பொருள், நீரைப் பிரிக்கும் பொருள், கிருமிக்கொல்லி என ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. எல்லா வேலையையும் ஒரே புட்டி செய்யும் என்பவரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். அதன் மூன்றாம் பகுதியில் ஆபத்தான சேர்மானங்களின் பெயரும் அளவும் இருக்கும். 90 விழுக்காட்டுக்கு மேல் மண்ணெண்ணெய் வகைப் பொருளாக இருந்தால், நீங்கள் லிட்டர் 112 வெள்ளி கொடுத்து வாங்குவது பெரும்பாலும் மண்ணெண்ணெய். தாள் தரமாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

சோதித்தே தீரவேண்டும் என்றால் முறையாகச் செய்யுங்கள். ஒரே வகை, ஒரே வயது, ஒத்த பாதையில் ஓடும் இரண்டு லாரிகள். முதலில் டயர்க் காற்றைச் சரிபார்த்து, அடிட்டிவ் இல்லாமல் நான்கு டேங்க் ஓட்டி, லிட்டரையும் கிலோமீட்டரையும் எழுதுங்கள். ஒரே நிலையத்தில், ஒரே பம்பில், முதல் 'கிளிக்'கோடு நிறுத்துங்கள். அடுத்த நான்கு டேங்க் ஒரு லாரியில் மட்டும் ஊற்றுங்கள். பிறகு மாற்றி மற்றதில். எதில் ஊற்றியது என்று ஓட்டுநர்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அவர்கள் கால் தானாகவே மென்மையாகிவிடும். இரண்டு மூன்று விழுக்காடு வித்தியாசத்தை நம்பாதீர்கள். ஜூரோங் விரைவுச்சாலை நெரிசல் ஒரு வாரம் கூடினாலே அவ்வளவு வரும்.

கேள்வி: இணையத்தில் மலிவாகக் கிடைத்ததென்று டீசல் உறையாமல் தடுக்கும் 'ஆன்டி-ஜெல்' ஒரு டஜன் வாங்கிவிட்டேன். எப்படிப் பயன்படுத்துவது? – செங்காங்

பதில்: இந்த ஊரில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது. திருப்பி அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் லாரி கிரேன் வேலைத்தளத்தில் வாரக்கணக்கில் நிற்கும். இப்போது மாதம் ஒரு ஃபில்டர் அடைக்கிறது. கழற்றினால் கறுப்பாக வழுவழுவென்று சளி மாதிரி. 'வாட்டர் ரிமூவர்' ஊற்றியும் பயனில்லை. டேங்க் 200 லிட்டர். – துவாஸ்

பதில்: அது டீசலில் வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும். டேங்க் அடியில் தங்கும் நீருக்கும் டீசலுக்கும் நடுவே வாழும். நம் ஊர் வெப்பம் அதற்கு மிகவும் ஒத்துப்போகும். நீர் இல்லாமல் அது வளராது. ஆகவே நீரில் தொடங்குங்கள்.

லாரி ஓர் இரவு நின்ற பிறகு, டேங்கின் அடித் திருகைத் தளர்த்தி, கண்ணாடிப் புட்டியில் ஒரு லிட்டர் பிடியுங்கள். ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் நீர், மேலே டீசல், நடுவில் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஆடை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். சுத்தமான டீசல் வரும்வரை வடியுங்கள். பிறகு கிருமிக்கொல்லி. கிருமியைக் கொல்ல ஒரேயடியாக ஊற்றும் 'அதிர்ச்சி அளவு' பல தயாரிப்புகளில் 1000-க்கு 1, அதாவது 200 லிட்டருக்கு 200 மில்லி. உங்கள் புட்டியில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. பாதி டேங்க் இருக்கும்போது அளந்து ஊற்றி, மீதியை நிரப்பினால் கலக்கும். இஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி, குழாய்களுக்குள்ளும் போகவிட்டு, ஒன்றிரண்டு நாள் நிறுத்திவையுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். தோலைப் புண்ணாக்கும் பொருள் அது.

பலர் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். செத்த சளி கரைந்து போகாது. மொத்தமாகக் கிளம்பி ஃபில்டருக்கு வரும். ஊற்றிய பிறகு முன்னைவிட மோசமாக அடைத்தால் அடிட்டிவைக் குறை சொல்லாதீர்கள். மூன்று ஃபில்டர் முன்பே வாங்கி வையுங்கள். மூன்றும் அடைத்தால் டேங்கைக் கழற்றிக் கழுவுவதே வழி. வடித்த நீரைக் கால்வாயில் ஊற்றாமல், உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

உங்கள் 'வாட்டர் ரிமூவர்' பற்றி: அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று நீரைத் துளிகளாகப் பிரித்து அடியில் இறக்கும்; வடித்துவிடலாம். மற்றது நீரை டீசலோடு கலந்து இன்ஜெக்டர் வழியே அனுப்பிவிடும். 1,600 பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்யும் காமன் ரெயில் இன்ஜெக்டருக்குள் நீர் போனால் அதன் முனை அரித்துப்போகும். இரண்டாம் வகையை வாங்கவே வேண்டாம். டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள்; வெடித்திருந்தால் ஒவ்வொரு மழையும் உள்ளே இறங்கும். நிறுத்தும்போது டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். நீர் பிரிப்பானை வாரம் ஒருமுறை வடியுங்கள்.

கேள்வி: பிரீமியம் டீசல் போடுகிறேன். அதற்கு மேல் சீட்டேன் பூஸ்டரும் ஊற்றலாமா? – ஈசூன்

பதில்: வேண்டாம். சீட்டேன் கூடினால் டீசல் சற்று சீக்கிரம் பற்றும். குளிர்ந்த இஞ்சின் சத்தம் குறையும். சக்தி கூடாது. தேவைக்கு மேல் போனால் பயனும் இல்லை.

கேள்வி: புதிய லாரிக்குப் புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்புளூ 20 கேன் வாங்கி வெட்டவெளியில் அடுக்கியிருந்தோம். ஆட்புளூ விளக்கு எரிந்ததும் பையன் ஒரு கேனை டீசல் டேங்கிலேயே ஊற்றிவிட்டான். அதுவும் அடிட்டிவ்தானே, ஓட்டிப் பார்க்கலாமா? – காக்கி புக்கிட்

பதில்: சாவியைத் திருப்பவே கூடாது. சாவி போட்டாலே சில லாரிகளில் டீசல் பம்ப் ஓடி, அந்தக் கரைசலைப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் இழுத்துவிடும். பிறகு பில் ஆயிரக்கணக்கில். இழுவை லாரியை அழைத்து, டேங்கைக் காலிசெய்து கழுவச் சொல்லுங்கள். ஆட்புளூ டீசல் அடிட்டிவ் அல்ல. 32.5 விழுக்காடு யூரியாவும் சுத்தமான நீரும். நீல மூடியுள்ள தனி டேங்க் அதற்கு இருக்கிறது. ஊற்றுபவருக்கு அதைக் காட்டிக் கொடுக்காதது உங்கள் தவறு, பையன்மேல் போடாதீர்கள்.

மீதி 19 கேனையும் நிழலுக்கு மாற்றுங்கள். ஐஎஸ்ஓ 22241 தரப்படி 25 டிகிரியில் 18 மாதம், 30-இல் 12 மாதம், 35-இல் 6 மாதம்தான் அது தாங்கும். வெயிலில் வெந்த சரக்கை, 'கழிவு விலை' என்று விற்பவர்களிடமிருந்தும் வாங்காதீர்கள். தயாரித்த தேதி அச்சிடாத கேனைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: வாகனச் சோதனையில் கரும்புகை அதிகம் என்று லாரி தோற்றது. பட்டறைக்காரர் ஒரு புட்டி கொடுத்து, ஊற்றிக்கொண்டு மறுபடி போகச் சொல்கிறார். – மண்டாய்

பதில்: புகை அடர்த்தி 40 எச்எஸ்யுவைத் தாண்டக்கூடாது. கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. ஏர் ஃபில்டர், டர்போ குழாய்க் கசிவு, புகையில் ஒரு பங்கை இஞ்சினுக்கே திருப்பும் இஜிஆர் வால்வு, இன்ஜெக்டர் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல டிடர்ஜென்ட் ஒன்றிரண்டு டேங்க் ஓடினால் கொஞ்சம் உதவும். தேய்ந்த நாசிலை (இன்ஜெக்டர் முனையை) அது புதிதாக்காது. இன்ஜெக்டர்கள் திருப்பி அனுப்பும் டீசலின் (ரிட்டர்ன்) அளவைச் சோதிக்காமல் புட்டியை நீட்டும் பட்டறையை மாற்றுங்கள்.

கேள்வி: டீசல் குழாயில் மாட்டும் காந்தம்? – பூன் லே

பதில்: வேலை செய்யாது. டீசலில் காந்தம் பிடித்து ஒழுங்குபடுத்த எதுவுமில்லை. 180 வெள்ளி கொடுத்து நான் வாங்கியதும் அப்படித்தான்.

கேள்வி: முதலாளி ஒவ்வொரு டேங்கிலும் டூ-ஸ்ட்ரோக் ஆயில் அரை லிட்டர் ஊற்றச் சொன்னார், ஊற்றினேன். இப்போது டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைத்துவிட்டது. பழுதுச் செலவைச் சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பேன் என்கிறார். – ஓட்டுநர், ஜூரோங்

பதில்: தம்பி, பயப்படாதீர்கள். டூ-ஸ்ட்ரோக் ஆயிலில் எரிந்தபின் சாம்பலாகும் பொருள் இருக்கலாம். கரி 550, 600 டிகிரியில் எரிந்துபோகும். சாம்பல் எரியாது, டிபிஎஃப்பிலேயே தங்கும். இங்கே விற்கும் டீசலில் 2013 முதலே கந்தகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு) மேல் இல்லை. கந்தகத்தை நீக்கும்போது குறையும் வழவழப்பை ஈடுகட்டும் பொருளைச் சுத்திகரிப்பு ஆலையே சேர்த்துவிடுகிறது. அந்த ஆயிலுக்குத் தேவையே இருக்கவில்லை.

வேலை நியமனச் சட்டப்படி, சேதம் உங்கள் கவனக்குறைவால் வந்தது என்று விசாரித்து, உங்கள் விளக்கத்தையும் கேட்ட பிறகே பிடிக்கலாம். அதுவும் ஒரே தடவை, ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்குள். மாதாமாதம் பிடிக்க இடமில்லை. முதலாளி சொல்லித்தான் ஊற்றினீர்கள் என்பதற்கான வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள்; படம் எடுத்து இன்னொரு கைப்பேசியிலும் வையுங்கள். பிடித்தால் சம்பளச் சீட்டோடு தாமதிக்காமல் சம்பளத் தகராறுகளைக் கவனிக்கும் டிஏடிஎம் (TADM) அமைப்பிடம் செல்லுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற என் அப்பாவிடம் வீட்டுக்கே வந்து, டீசல் காருக்கென்று 480 வெள்ளிக்கு அடிட்டிவ் விற்றுவிட்டார்கள். நேற்றுதான். – அங் மோ கியோ

பதில்: அப்பாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து விற்றது நேரடி விற்பனை. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக ஐந்து நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம். இன்றே அனுப்புங்கள், நகல் வையுங்கள், புட்டிகளைத் திறக்காதீர்கள். மறுத்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸ், அதன்பின் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. லாரி நிறுவனங்களுக்கு இந்த ஐந்து நாள் உரிமை கிடையாது. ஆனால் சரக்கு விற்பனைச் சட்டம் உண்டு, நடுவர் மன்றமும் உண்டு. அதற்கு விற்பவர் சொன்ன விழுக்காடு ரசீதில் எழுத்தாக இருக்கவேண்டும்.

கேள்வி: அடிட்டிவை டீசல் அடிக்கும் முன் ஊற்றுவதா, பின்பா? – புக்கிட் பாத்தோக்

பதில்: முன்பு. பாயும் டீசல் கலக்கிவிடும். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். மில்லி அளவுக் குவளை இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும்.