வளவுக் கோடிக்குள் நிற்கும் பெட்போர்ட் லொறியை இப்போதைக்கு ஸ்ரார்ட் பண்ணாதீர்கள்

கேள்வி: கோப்பாயில் எங்கள் வளவுக் கோடியில் அப்பப்பாவின் பெட்போர்ட் லொறி 1995 இடம்பெயர்வுக்கு முன்பிருந்தே நிற்கிறது. பெற்றோல் எஞ்சின், முன்னால் பொனற் நீண்டிருக்கும். பழைய இரும்புக்காரர் விலை கேட்கிறார். தம்பியோ பற்றரி பூட்டி ஓட்டிப் பார்க்கலாம் என்கிறான். வாகனப் பதிவுப் புத்தகமும் தொலைந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: இரும்புக்காரரை அனுப்பிவிடுங்கள். தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

முதலில் அது என்ன லொறி என்று பார்ப்போம். பொனற் நீண்டிருப்பதால் பெட்போர்ட்டின் ரீ.கே. வகை இல்லை, அதற்கு மூக்கே கிடையாது, எஞ்சின் ஆசனத்துக்குப் பின்பக்கமாக இருக்கும். உங்களுடையது 1958இல் வந்த ஜே வகையாகவோ அதற்கு முந்திய ஏ, ஓ வகைகளில் ஒன்றாகவோ இருக்கலாம். உறுதியாகச் சொல்வது சேஸிஸ், அதாவது அடிச்சட்டத்தின் இலக்கம்தான். பழைய லொறிகளில் எவை மிஞ்சியிருக்கின்றன என்று தேடித் திரிபவர்கள் நம்பர் பிளேட்டை நம்பமாட்டார்கள். பிளேட் மாறும், கபின் மாறும், பெற்றோல் இல்லாத காலத்தில் எஞ்சினையே மாற்றியவர்களும் உண்டு. கபினுக்குள் தகடு இருக்கிறதா பாருங்கள். பிறகு சேஸிஸின் முன்பகுதியில் மண்ணெண்ணெய்த் துணியால் ஊறவைத்து மெதுவாகத் துடையுங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். இலக்கம் அழிந்தால் லொறியின் பிறப்பே அழிந்ததுபோல. எழுத்து தெரிந்ததும் மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேயுங்கள், அப்படியே பதியும்.

இனி எஞ்சின். பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே பெற்றோல் எஞ்சின்கள் எப்படி ஓடின என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய். அது முழுக்க எரியாமல் பிஸ்ரன் ரிங் வழியாக வடிந்து எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஒயில் தண்ணீர்போல இளகி பெயாரிங் தேயும். ஒயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பாருங்கள்: மட்டம் குறிக்கு மேலே நின்றால், மண்ணெண்ணெய் மணத்தால், அதுதான் கதை. அந்த ஒயிலை வடித்து, எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தட்டான சம்பைக் கழற்றிப் பார்க்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். பல வருடம் நின்ற லொறி ஒன்றை, ஆசை பொறுக்காமல், ஒரு கராஜில் உழவு இயந்திரத்தால் இழுத்து ஸ்ரார்ட் பண்ண நானும் சம்மதித்தேன். ரிங் உடைந்து ஒரு சிலிண்டர் மேலிருந்து கீழ்வரை கீறிப்போனது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் எஞ்சின் ஒயிலும் சரிபாதியாகக் கலந்து கொஞ்சம் ஊற்றி ஒரு கிழமை விடுங்கள். அப்புறம் கையால், எஞ்சினைச் சுற்றும் ஹாண்டிலால், முன்னுக்கும் பின்னுக்கும் சற்றே அசையுங்கள். அசையாவிட்டால் இன்னொரு கிழமை. பற்றரி பூட்டும் நாளில் அதன் எந்த முனை சேஸிஸில் பூட்டப்பட்டிருந்தது என்று பாருங்கள். பழைய பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் நேர்முனைதான் அங்கே போகும்.

ரேடியேற்றரையும் மறக்காதீர்கள். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது. கேத்திலில் படியும் அதே வெள்ளைப் படிவு எஞ்சினின் தண்ணீர் வழிகளிலும் தடிப்பாகப் படிந்திருக்கும். கழுவியபின் மழைத்தண்ணீரோ காய்ச்சி வடித்த தண்ணீரோ விடுங்கள்.

புத்தகத்துக்கு, நம்பர் பிளேட்டையும் சேஸிஸ், எஞ்சின் இலக்கங்களையும் கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள். அப்பப்பா பெயரில் பதிவிருந்தால் அவருடைய மரணச் சான்றிதழும் வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படலாம். பழைய லைசன்ஸ் துண்டு, காப்புறுதித் தாள் ஏதாவது அலுமாரிக்குள் கிடக்கும், தேடுங்கள்.

கபின் நெற்றியில் கையால் எழுதிய பெயர் ஏதும் இருந்தால் அதன்மேல் பெயின்ற் அடிக்க விடாதீர்கள். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, காலை வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.