பைப்பைக் கழட்டிடாதீங்க சார், அதுதான் உங்க சாட்சி

விறகு பாய்லர் மாட்டினவர் புகைக்குழாயை மரப்பலகை சுவருக்கு ஆறு இஞ்ச் தள்ளி விட்டுட்டுப் போயிட்டார், இப்ப சுவர் கருகி மேல போற ஒயரோட இன்சுலேஷன் உருகிடுச்சு, கேட்டா போன்ல கத்துறார், கேஸ் போடலாமான்னு கேட்டிருக்கீங்க. லெட்டர்ல முக்கால்வாசி அவர் கத்தினதுதான். அதை விடுங்க, கோர்ட்டுல அதுக்கு மதிப்பில்ல.

மதிப்பு அந்த ஆறு இஞ்சுக்குத்தான். மேனுவல்ல எவ்வளவு இடைவெளி போட்டிருக்குன்னு முதல்ல பாருங்க. ஒத்தைத் தகட்டுக் குழாய்க்கு புகைபோக்கிகளுக்கான அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி என்எஃப்பிஏ 211 எரியிற பொருள்லேருந்து 18 இஞ்ச் கேக்குது, முறையா தகடு மறைப்பு வச்சாதான் குறைக்கலாம். சாதாரண பிவிசி ஒயரு 70 டிகிரிக்கு மேல தாங்காது. "ஒரு வருஷமா நல்லாத்தானே ஓடுச்சு"ம்பார் அவர். திரும்பத் திரும்ப சூடான மரம் உள்ளுக்குள்ள கரியாகி, போகப்போக கம்மி சூட்டுலயே பத்திக்கும், அதனால அந்த வாதம் அவருக்கே திரும்பும்.

என் பயம் வேற. "மூணு மாசம் முன்னாடியே சுவர் சுடுதுன்னு மெசேஜ் போட்டேன்"னு பெருமையா எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் உங்க தலைவலி. ஆபத்துன்னு தெரிஞ்சும் மூணு மாசம் விறகு போட்டீங்களான்னு அவர் வக்கீல் முதல் கேள்வியே கேப்பார், இன்சூரன்ஸ்காரனும் அதையேதான் கேப்பான்.

இதைவிட மோசமா ஒரு கட்சிக்காரர் பண்ணாரு. கோவத்துல ஆளை வச்சு பைப்பை ரெண்டடி தள்ளி மாட்டி, உருகின ஒயரைக் குப்பையில போட்டு, சுவருக்குப் பெயிண்ட்டும் அடிச்சிட்டுத்தான் என்கிட்ட வந்தாரு. பார்க்க வந்த எக்ஸ்பர்ட்டுக்கு பளபளன்னு ஒரு சுவர்தான் கிடைச்சுது, "நான் மாட்டினது இது இல்ல"ன்னுட்டான் எதிராளி, கடைசியில செலவழிச்சதுல பாதிகூட வரல.

அதனால இன்னிக்கே பாய்லரை அணைச்சு அந்த லைனோட பிரேக்கரை இறக்குங்க, ஆனா எதையும் நகத்தாதீங்க. குழாய்க்கும் சுவருக்கும் நடுவுல டேப்பை வச்சு நம்பர் தெரியுற மாதிரி போட்டோ எடுங்க. வந்து பாருன்னு அவருக்கும் இன்சூரன்ஸுக்கும் தேதி போட்டு எழுத்துல அனுப்புங்க. எலக்ட்ரீஷியன் ஒயரை வெட்டினா அந்தத் துண்டைக் கவர்ல போட்டு வைங்க.

கேஸ் வேணாம்னுதான் சொல்லுவேன். நஷ்டம் ஒரு சுவரும் கொஞ்சம் ஒயரும்தான், அந்த மூணு மாசம் வேற உங்க கழுத்துல தொங்குது. அவர் செலவுல குழாயை மாத்தி மாட்டி சுவரையும் சரி பண்ணித் தரச் சொல்லி முடிச்சிக்கோங்க. கையெழுத்துப் போடும்போது "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு மொட்டையா ஒரு வரி இருந்தா மட்டும் அடிக்கச் சொல்லுங்க, புதுசா மாட்டுறதுலயும் அவர் கோட்டை விட்டா அப்புறம் கேக்க வாயிருக்காது.