சாலையில் காயும் மிளகாய்

அன்புள்ள ஐயா,

பங்குனியில் ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சாயல்குடி வரை காரில் போனேன். ஊர் எல்லை தாண்டியதும் பனையும் சீமைக்கருவேலமும்தான். கடலே கண்ணில் படவில்லை. பல இடங்களில் பாதிச் சாலையை அடைத்து மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். தூசியும் வண்டிப் புகையும் படிந்ததையா நாம் சாப்பிடுகிறோம்? அந்த வழியில் பார்க்கத்தக்கவை எவை?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பார்க்கத்தக்கதைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கேட்கிறீர்கள். திருப்புல்லாணிக் கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் பெயர்ப்பலகையே வழி சொல்லும். சீமைக்கருவேலத்தைத் திட்ட இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. மிளகாய்க்கு வருகிறேன்.

நீங்கள் பார்த்தது முண்டு மிளகாய். உருண்டை, தடித்த தோல். நீளமான சம்பா மிளகாயைப் போலச் சீக்கிரம் காயாது. ஈரம் தங்கினால் வெளுத்துச் சண்டு வத்தலாகிவிடும். சண்டுக்கு வியாபாரி சொல்வது விலையே அல்ல. ஐப்பசி மழையை நம்பி விளைந்த பழத்தை வெறும் மண்ணில் கொட்டினால் அடியில் ஈரம் ஏறும். தார்ச்சாலையோ அடியிலிருந்தும் சூடு கொடுக்கிறது. 2023-இல் முண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். அந்தச் சான்றிதழை விரித்து அதன்மேல் காயப்போட முடியுமா? உலர்களம் உள்ள ஊர்கள் உண்டு. எல்லார் வீட்டுப் பழமும் ஒரே சமயத்தில் வந்து இறங்கினால் அங்கே யாருக்கு இடம்?

என் அத்தை சாலையோரத்தில் சாக்கை விரித்துக் காவல் இருப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போவேன். காலால் துழாவிப் புரட்டிவிடுவது என் வேலை. மிளகாய் பட்ட கையால் கண்ணைக் கசக்கிவிட்டு அலறினால், முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதி ஒற்றிவிடுவார். லாரி வந்தால் மட்டும் எழுந்து கைகளை விரித்து நிற்பார். டிரைவர்கள் திட்டினார்கள், ஆனாலும் ஒதுங்கித்தான் போனார்கள். நீங்கள் ஒதுங்கினீர்களா, ஹாரன் அடித்தீர்களா? கடிதத்தில் அதைக் காணோமே!

தூசியாம். வத்தலைத் துடைத்து, காம்பு கிள்ளி, இன்னொரு வெயில் காட்டித்தானே அரைப்பார்கள்? பாக்கெட் தூள் வாங்குகிறவர் என்றால், அது எந்தத் தரையில் காய்ந்தது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

இருட்டிய பிறகும் மிளகாயைச் சுற்றிக் கல் அடுக்கி வைத்திருப்பது ஆபத்துதான். பைக்கில் வருகிறவர் விழுவார். அதில் நான் உங்கள் கட்சி. ஆனால் அந்தப் புகாரைக் களம் கட்டித் தர வேண்டியவர்களுக்கு எழுதுங்கள். மிளகாய்க்காரியின் மேல் எழுதாதீர்கள்.

கடல்தானே? சாயல்குடிக்குப் போகும்போது அது உங்கள் இடதுகைப் பக்கம். வாலிநோக்கத்துக்குப் பிரியும் சாலையில் திரும்பியிருக்கலாம்.